சீனப் பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, சீனாவில் ரொக்கப் பணமே செல்லாதாமே?

பதில்: செல்லும், வாங்க மறுக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி. ஆனால் 100 யுவான் தாளை நீட்டினால் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது. தெருவில் சோளம் அவித்து விற்பவர்கூட வண்டியில் கியூஆர் அட்டை தொங்கவிட்டிருப்பார். கிளம்பும் முன்பே அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகள் இரண்டிலும் பாஸ்போர்ட்டைப் பதிந்து உங்கள் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம்மைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: வாட்ஸப், கூகுள் மேப் வேலை செய்யுமா?

பதில்: ஓட்டல் வைஃபையில் திறக்காது. நம்மூர் சிம்மின் ரோமிங்கில் திறக்கும். ஆனாலும் கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள், நீங்கள் நிற்கும் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் அமேப் செயலியே சரி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: இதற்குத்தான் நிறையத் தயாராக வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கீரை வதக்கலில் பன்றிக் கொழுப்பு இருக்கும், டோஃபுவின் மேல் கொத்துக்கறி தூவியிருப்பார்கள், சூப்பின் அடியில் காய்ந்த இறால் கிடக்கும். இறைச்சி, மீன், இறால், கோழிச்சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் எதுவும் கூடாது என்று சீனத்தில் எழுதிய சீட்டைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஆர்டர் செய்யும் முன் காட்டுங்கள். பெரிய புத்த ஆலயங்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். தக்காளியும் முட்டையும் சேர்த்த வதக்கல் எந்த ஊரிலும் கிடைக்கும், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அது போதும்.

கேள்வி: ரயில் டிக்கெட்?

பதில்: 12306 என்ற அரசுச் செயலியில் ஆங்கிலத்திலேயே எடுக்கலாம். பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் காட்டிப் போங்கள். பெய்ஜிங்கிலிருந்து 1,318 கி.மீ. தள்ளியுள்ள ஷாங்காய்க்கு வேகமான ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். அக்டோபர் 1-ஐ ஒட்டிய விடுமுறை வாரத்தில் மட்டும் போகாதீர்கள், இடமே கிடைக்காது.

கேள்வி: தமிழர்கள் பார்க்க வேண்டிய இடம் ஏதாவது?

பதில்: சுவான்சோ என்ற பழைய துறைமுக ஊர். பெரும்பாலானோர் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். பக்கத்து நகரமான சியாமனிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். கையுவான் புத்த ஆலயத்தின் பிரதான மண்டபத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்குள்ள இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். நம் வணிகர்கள் அங்கே கட்டிய கோயிலின் மிச்சம் அவை. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான்.

கேள்வி: நண்பர் வீட்டில் தங்கலாமா?

பதில்: தாராளமாக. ஓட்டல் என்றால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ நண்பரோ பக்கத்துக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.