வீட்டு இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது, வாடிக்கையாளர் சேவையில் கேட்பார் இல்லை. என்ன செய்வது?

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. ஆனால் "யாரும் வராமலேயே புகார் தீர்ந்தது என்று செய்தி வருகிறது" என்று கேள்வியில் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கும் கண்ணாடி இழைக் கேபிள்தான் கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு வருகிறது, உங்கள் தெருவிலும் வேறு நிறுவனத்தின் இணைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். என் நிலைமையும் அதுவே.

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் எங்களுடையது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகள், மன்னார்குடி உரக் கடைகள் எனப் பதினொரு கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கை வீட்டிலிருந்தே தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் 3பி படிவம் (கடையின் மாத வரிக் கணக்கு) ஏறியாக வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கடைக்காரர் தலையில் விழும். சென்ற ஆண்டு பிப்ரவரி 17 அன்று, சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நேரத்தில், வைக்கோலை உயர ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் எங்கள் தெருமுனையில் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. டிராக்டர்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வைக்கோல் வண்டி போகும் தெரு என்று தெரிந்தும், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் கேபிளைக் கட்டியவர்களே அதற்குப் பொறுப்பு.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். "அம்மா, கேபிளே அறுந்து தெருவில் கிடக்கிறது" என்று நான் சொன்ன பிறகும், "ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் சார்" என்றுதான் பதில் வந்தது. மறுநாள் மாலை வரை ஒருவரும் வரவில்லை. "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது. திரும்ப அழைத்தால், பழைய புகார் முடிந்துவிட்டது, புதிதாகத்தான் பதிய வேண்டும் என்றார்கள். நான்கு நாள்களில் மூன்று புகார் எண்கள் சேர்ந்தன. கேபிள் தெருவிலேயே கிடந்தது.

20ஆம் தேதி காலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போய் ஒன்பது கடைகளுக்கு முடித்தேன். மற்ற இரண்டின் ரசீதுகளை எடுத்துவர மறந்துவிட்டதால் அவை தள்ளிப்போயின; தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். உரக் கடை முதலாளி "பரவாயில்லை தம்பி" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கணக்கைப் பார்க்கிறேன். அதுவரை ஒருமுறைகூட நாள் தவறியதில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அலைபேசி இணையத்தில் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஓ.டி.பி. வருவதற்கே கொல்லைக்குப் போய் நிற்க வேண்டும். கிராமத்தில் இருந்துகொண்டு நகரத்துச் சேவையை எதிர்பார்க்கலாமா என்றும் கேட்கலாம். தஞ்சாவூரில் இருப்பவர் கட்டும் அதே மாதக் கட்டணத்தைத்தான் நானும் கட்டுகிறேன்.

21ஆம் தேதி லைன்மேன் வந்தார். மழையிலும் கம்பம் ஏறுகிற பிள்ளை. பல ஊர்களுக்கு அவர் ஒருவரே. அறுந்த கண்ணாடி இழையை ஒட்டும் இயந்திரம் கைவசம் இல்லாததால் தற்காலிகமாக இணைத்து, டேப் சுற்றி, "இப்போதைக்கு ஓடும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் இணைப்பு அடியோடு போகாமல், விட்டுவிட்டு வரத் தொடங்கியது. உண்மையில் இதுதான் பெரிய தொல்லை. நாம் அழைக்கும்போது அவர்கள் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

ஆகவே முதலில் மோடத்தைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்; எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இராது. அது எரியாமலேயே இணைப்பு விட்டுவிட்டு வந்தால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் (பல மோடங்களில் உலாவியில் 192.168.1.1 என்று இட்டால் திறக்கும்) வந்து சேரும் ஒளியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது டி.பி.எம். என்னும் அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். வீட்டு இணைப்புகளில் பொதுவாக மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும். மூன்று அலகு இறங்கினாலே ஒளி ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. இழையை மோசமாக ஒட்டியிருப்பதும், கேபிளின் கூர்மையான மடிப்பும் இதற்குப் போதும். எங்கள் வீட்டில் மைனஸ் 28 காட்டியது. ஒரு வாரம் தேதி, நேரம், அளவு மூன்றையும் நோட்டில் எழுதினேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன், செய்ததைச் சொல்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் அது 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி, இணைப்புத் தரும் நிறுவனம் புகாருக்கு எண் தர வேண்டும். தீர்வு சரியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்படி ஓர் அதிகாரி இருப்பதை வாடிக்கையாளர் சேவையில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. புகார் எண்களையும், வராத ஆளைப் பற்றிய "தீர்க்கப்பட்டது" செய்திகளின் படங்களையும், நோட்டில் எழுதிய அளவுகளையும் சேர்த்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதிலும் பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவு பாடுபடுவது பொழுதுபோக்குக்காக என்று எவரும் நினைக்க வேண்டாம். இன்று எங்கள் பகுதியில் பட்டா பார்ப்பதும், பயிர்க் காப்பீடு செய்வதும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவதும் இணையத்தில்தான். எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியவர்கள், அந்த இணையம் வரும் கேபிள் எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்று வந்து பார்த்ததில்லை.

மின்னஞ்சல் அனுப்பிய இரண்டாம் வாரத்தில் இருவர் இயந்திரத்தோடு வந்தார்கள். பழுதான துண்டை வெட்டி எறிந்து, புதிதாக ஒட்டி, கேபிளைக் கம்பத்தின் மேல்பகுதிக்கு ஏற்றிக் கட்டினார்கள். அளவு மைனஸ் 21க்கு வந்தது. இணைப்பு இல்லாத நாள்களுக்கான பணத்தை அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு அறுவடையின்போது அதே தெருவில் வைக்கோல் வண்டிகள் போயின, கேபிள் அறுபடவில்லை.

உங்கள் மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது, ஒளியின் அளவு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.