ஒரு ரன்னிங் பேக்கின் விலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள் கூடினால் ஒரு பழைய வழக்கு தவறாமல் எழுந்துவிடும். 2013 செப்டம்பர் 18 அன்று, இரண்டே ஆட்டங்கள் முடிந்திருந்த நிலையில், ட்ரென்ட் ரிச்சர்ட்சன் என்ற ரன்னிங் பேக்கை பிரவுன்ஸ் நிர்வாகம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) அந்த அணிக்கு இருந்த முதல் சுற்றுத் தேர்வுரிமையை வாங்கிக்கொண்டது. ஒரு வாரம் நூறு யார்டைத் தாண்டுவார், மறுவாரம் காணாமல் போவார். அப்படிப்பட்டவருக்கு முதல் சுற்று கிடைத்ததே கொள்ளை லாபம் என்கிறார்கள் சிலர். அந்த உரிமையைக் கொண்டு நிர்வாகம் ஜானி மான்சியல் என்ற இளம் வீரரைத் தேர்ந்தெடுத்ததையும், அவர் நிலைக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டி, இரு தரப்புக்கும் நஷ்டம் என்கிறார்கள் மற்றவர்கள். பலமான முன்வரிசை அமைந்திருந்தால் ரிச்சர்ட்சன் ஜொலித்திருப்பார் என்று வாதிடுபவர்களும் உண்டு. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரவுன்ஸ் செய்தது சரி என்பதே என் முடிவு. ஆனால் உங்கள் நண்பர்களில் எவரும் சொல்லாத காரணத்துக்காக அப்படிச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தைச் சுமந்துகொண்டு, தன் அணியின் முன்வரிசை வீரர்கள் எதிரிகளைத் தள்ளித் திறந்துவிடும் இடைவெளிக்குள் புகுந்து ஓடுவது ரன்னிங் பேக்கின் வேலை. இருபது முறை பந்தைச் சுமந்தால் பெரும்பாலான ஓட்டங்கள் இரண்டு, மூன்று யார்டுகளில் முடிந்துவிடும். ஏதோ ஒன்றிரண்டு நீளும். ஆகவே ஏற்ற இறக்கம் என்பது அந்தப் பொறுப்போடு கூடவே பிறந்தது. 2012 அக்டோபரில் ரிச்சர்ட்சன் 8 முறை பந்தைச் சுமந்து 8 யார்டு மட்டுமே எடுத்த ஆட்டமும், அடுத்த வாரமே சான் டியேகோவுக்கு எதிராக 122 யார்டு ஓடிய ஆட்டமும் உங்கள் நண்பர்களின் நினைவில் இருக்கும். விலா எலும்புக் காயத்தோடு அவர் ஆடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இந்த இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்து அவரை நம்ப முடியாதவர் என்று தீர்ப்பளிப்பதை நான் ஏற்கமாட்டேன். இதே அளவுகோலை வைத்தால் பெரும் புகழ்பெற்ற பலரும் தேறமாட்டார்கள்.

என்னை உறுத்துவது அந்த ஆண்டின் மொத்தக் கணக்கு. முதல் ஆண்டில் அவர் 950 யார்டும், தரையோட்டத்தில் மட்டும் 11 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) எடுத்தார். ரசிகர்கள் மனத்தில் நின்றவை இந்த எண்கள்தாம். ஆனால் அந்த 950 யார்டை எடுக்க அவர் 267 முறை பந்தைச் சுமக்க வேண்டியிருந்தது. ஓட்டத்துக்கு 3.6 யார்டு என்பது, நான்கு டவுன்களில் (முயற்சிகளில்) பத்து யார்டு கடக்க வேண்டிய ஆட்டத்தில், கணக்கில் போதுமெனத் தோன்றினாலும், பெரும்பாலான ஓட்டங்கள் இரண்டு, மூன்று யார்டிலேயே முடிவதால் அணியைப் பல முறை பின்தங்க வைக்கும் சராசரி. அப்போது பிரவுன்ஸ் முன்வரிசையில் ஜோ தாமஸ், அலெக்ஸ் மாக் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். தாமஸ் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவர். முன்வரிசை சரியில்லை என்ற வாதம் இங்கேயே பாதி தளர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி இண்டியானாபொலிஸில் விழுந்தது. இந்த வழக்கில் சாட்சியம் என்று ஒன்று உண்டென்றால் அது 2013ஆம் ஆண்டின் கோல்ட்ஸ் அணிதான். அந்த அணியின் முன்வரிசை பெரிதும் புகழப்பட்டதல்ல. ஆனால் அதே முன்வரிசையின் பின்னால், அதே குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கின் கையிலிருந்து பந்தை வாங்கி, டொனால்ட் பிரவுன் 102 ஓட்டங்களில் 537 யார்டு எடுத்தார், சராசரி 5.3. ரிச்சர்ட்சன் 157 ஓட்டங்களில் 458 யார்டு எடுத்தார், சராசரி 2.9. எதிரணிகள் ரிச்சர்ட்சனைக் கூடுதலாக எதிர்பார்த்து நின்றிருக்கலாம், பருவத்தின் நடுவே வந்தவருக்கு ஆட்டத் திட்டங்களைப் பயிலும் அவகாசம் போதாமல் இருந்திருக்கலாம் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், இரண்டு யார்டுக்கும் மேலான வித்தியாசத்தை அவற்றால் விளக்கிவிட முடியாது. இடப்பக்கம் வழி திறந்திருக்க, தன் அணி வீரரின் முதுகிலேயே போய் மோதி நிற்பார் என்பது அவரைக் கவனித்தவர்கள் அன்றே சொன்ன குறை. உடல் வலு அவரிடம் ஏராளமாக இருந்தது. இடைவெளி எங்கே திறக்கும் என்று ஒரு கணம் முன்னதாகவே உணரும் பார்வை அவருக்குக் கூடிவரவில்லை.

கிளீவ்லாந்து ரசிகர்களின் கோபத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 1957 முதல் 1965 வரை ஜிம் பிரவுன் ஓடிய ஊர் அது. ஓட்டத்துக்கு 5.2 யார்டு என்ற வாழ்நாள் சராசரியோடு அவர் விடைபெற்ற பிறகு, ஒரு நல்ல ரன்னிங் பேக்கின் வழியாகவே அணிக்கு விடிவு வரும் என்ற நம்பிக்கை அங்கே தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. (2012 டிராஃப்டுக்கு முன் ரிச்சர்ட்சனைச் சாதாரண ஆட்டக்காரர் என்று வெளிப்படையாகச் சொன்னவரும் அதே ஜிம் பிரவுன்தான், அன்று பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள்.) டிராஃப்ட் வரிசையில் நான்காம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு நகர்வதற்காகவே மேலும் மூன்று தேர்வுரிமைகளை மினசோட்டா அணிக்குக் கொடுத்து வாங்கிய வீரரை, பதினேழு ஆட்டங்களுக்குள் அனுப்பிவிட்டால், அவர் பெயர் பொறித்த சட்டையை வாங்கியவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலி நியாயமானது. ஆனால் கொடுத்து வாங்கியவர்கள் வேறு நிர்வாகம், விற்றவர்கள் வேறு நிர்வாகம். முன்னவர்கள் கொடுத்த விலை போனது போனதுதான். அதை மீட்பதற்காகப் பின்னவர்கள் அவரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தர்க்கமாகாது.

மான்சியல் விஷயத்தைப் பிரித்தே பார்க்க வேண்டும். கோல்ட்ஸிடமிருந்து வந்தது 2014 டிராஃப்டின் 26ஆம் இடம். பிரவுன்ஸ் அத்துடன் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 22ஆம் இடத்துக்கு ஏறி மான்சியலை எடுத்தது. அது வேறொரு நாளில், வேறொரு பொது மேலாளர் எடுத்த வேறொரு முடிவு. நிலத்தை நல்ல விலைக்கு விற்றவர் அந்தப் பணத்தைத் தவறான தொழிலில் போட்டு இழந்தால், விற்றது தவறு என்று யாரும் சொல்வதில்லை.

சரியான விலையா என்ற கேள்விக்கு ஒரே ஒரு தகவல் போதும். அந்தப் பேரத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன் நடந்த 2013 டிராஃப்டின் முதல் சுற்றில் எந்த அணியும் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை. 2014இலும் அதுவே நடந்தது. முப்பத்திரண்டு அணிகளும் அந்தப் பொறுப்புக்கு முதல் சுற்றின் விலை இல்லை என்று முடிவு கட்டியிருந்த காலத்தில், தன் ரன்னிங் பேக் விக் பல்லார்ட் முழங்கால் காயத்தால் விலகியதும் பதற்றத்தில் கோல்ட்ஸ் அந்த விலையைக் கொடுத்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் மார்ஷான் லிஞ்ச் என்ற ரன்னிங் பேக். பஃபலோவில் முதலிரண்டு ஆண்டுகள் ஆயிரம் யார்டைத் தாண்டிவிட்டு, பிறகு தேய்ந்து ஃப்ரெட் ஜாக்சனுக்கு இடம் விட்ட அவரும் நம்ப முடியாதவர் என்றே பேசப்பட்டார். 2010 அக்டோபரில் சியாட்டில் ஒரு நான்காம் சுற்று உரிமையையும் மற்றொரு பின்சுற்று உரிமையையும் கொடுத்து அவரை வாங்கியது. அங்கேயும் முதல் பருவத்தில் அவர் சராசரி 3.5தான். ஆனால் கொடுத்த விலை சிறியது என்பதால் எவரும் அவசரப்படவில்லை. அணி அவருக்கேற்ற முன்வரிசையைப் பொறுமையாகக் கட்டியது. 2012இல் அவர் 1,590 யார்டு ஓடினார். ரிச்சர்ட்சன் 2014இல் 3.3 யார்டு சராசரியோடு முடித்து, 2015 மார்ச்சில் கோல்ட்ஸிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒரு நான்காம் சுற்று விலைக்கு அவர் போயிருந்தால், 23 வயது இளைஞரின் ஒவ்வொரு ஓட்டமும் முதல் சுற்றின் விலையோடு ஒப்பிடப்பட்டிருக்காது. அவர் முழுதாகத் தேறியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை; மூன்றாம் டவுனில் பந்தைப் பிடித்து ஓடும் துணை வீரராக இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். முதல் ஆண்டில் 51 முறை பந்தைப் பிடித்தவர் அவர்.

அன்புடன்,
ஆசிரியர்