கரையில் நின்று எடுத்த படங்கள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரில் இருக்கிறேன். வந்து பதினொரு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வீட்டைக் காலி செய்ய உதவப் போனபோது ஒரு பழைய ஆல்பத்தைக் காட்டினார். அவர் பிறந்து வளர்ந்த ஸ்டோக் புரூயர்ன் கிராமத்தில் அவருடைய அப்பா எடுத்த படங்கள். கால்வாய், கல் வீடுகள், மதுக்கடை, படகுகள். ஒரு படத்தில் கறுப்புத் துணித்தொப்பி போட்ட ஒரு பெண் சுக்கான் பிடித்து நிற்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தை. எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை! எனக்குச் சொந்தமில்லாத ஊரின் படம் ஏன் மனதை இப்படிப் பிசைகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டோக் புரூயர்னில் நான் ஒரு பகல் முழுவதும் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் எல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. பழைய மாவு மில் இப்போது கால்வாய் அருங்காட்சியகம். அழகான ஊர்தான். ஆனால் ‘நிம்மதி’ என்ற சொல்லை என்னால் அப்படியே தாண்டிப்போக முடியவில்லை.

உங்கள் படத்தில் இருப்பது இரண்டு உலகம். கரையில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். தண்ணீரில் இருப்பவர்கள் படகுக்காரர்கள். அவர்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. பர்மிங்ஹாம் பக்கத்திலிருந்தும் வார்விக்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் லண்டனுக்கு நிலக்கரியும் மற்ற சரக்கும் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். படகு சுமார் 70 அடி நீளம், ஆனால் ஏறக்குறைய 7 அடி அகலம்தான். அந்த நீளம் முழுக்கச் சரக்குக்கு. பின்னால் பத்தடிக்கும் குறைவான ஒரு அறை, அதில்தான் முழுக் குடும்பமும். அடுப்பு, மடக்குக் கட்டில், இறக்கினால் மேசையாகும் அலமாரிக் கதவு. கதவெல்லாம் ரோஜாவும் கோட்டையும் வரைந்திருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சிவப்பும் பச்சையும் தெரியாது. அந்தக் குழந்தையின் இடுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தண்ணீரில் விழுந்துவிடாமலிருக்கச் சின்னப் பிள்ளைகளைப் படகின் கூரையோடு பிணைத்து வைப்பது உண்டு.

அந்த ஊரை அடுத்து, கால்வாய் போகும் பிளிஸ்வொர்த் சுரங்கப்பாதை இருக்கிறது. மலைக்குள் 2.8 கிலோமீட்டர். கால்வாயின் மற்ற பகுதிகள் 1800-லேயே தயார். சுரங்கம் மட்டும் 1805 வரை இழுத்துவிட்டது. அதுவரை சரக்கையெல்லாம் குதிரை இழுக்கும் தண்டவாள வண்டியில் மேட்டைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அப்போது படகை இழுத்ததும் கரையில் நடக்கும் குதிரைதான். சுரங்கத்துக்குள் குதிரை நடக்க வழி கிடையாது. குதிரையை மேலே நடத்திக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே, படகின் இரு பக்கமும் நீட்டிய பலகையில் இரண்டு பேர் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். கும்மிருட்டு, சொட்டுகிற தண்ணீர். அப்புறம் நீராவிப் படகு வந்தது. 1861-ல் அப்படி ஒரு படகின் புகை உள்ளே சூழ்ந்து இரண்டு பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாட்டியின் அப்பா எடுத்த படத்தில் சுரங்க வாயும் இருக்கலாம். பார்க்க ரொம்ப அழகான வளைவு அது.

படகுக்காரர்கள் கால்வாயை ‘கட்’ என்பார்கள், வெட்டியது என்ற பொருளில். கரையில் நின்று சும்மா வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: ‘காங்கூஸ்லர்’. பழைய கால்வாய்ப் படங்களில் பெரும்பாலானவை இந்தக் காங்கூஸ்லர்கள் எடுத்தவை. படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் மதகைத் தாண்டும் சில நிமிடங்களில் எடுத்த படங்கள். அதனால்தான் அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு வேலை இருந்தது.

கோவென்ட்ரி அருகே ஹாக்ஸ்பரி கால்வாய்ச் சந்திப்பில் ராபர்ட் லாங்டன் என்பவர் எடுத்த படங்கள் வேறு மாதிரி. அங்கே அடுத்த சரக்குக்கு உத்தரவு வரும்வரை படகுகள் காத்துக் கிடக்கும். பேச, பழக நேரம் இருந்தது. அவர் படங்களில் படகுக்காரர்கள் நம் கண்ணை நேராகப் பார்க்கிறார்கள்.

ஸ்டோக் புரூயர்னில் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒருவர் இருந்தார். பெயர் மேரி வார்டு. அப்பா அங்கே படகுகளுக்குக் கயிறு திரித்து விற்றவர். மேரி மதகுக்குப் பக்கத்திலிருந்த வீட்டிலேயே படகுக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பிரசவம், தீக்காயம், பிள்ளைகளின் காய்ச்சல், எல்லாமே. பள்ளிக்கே போகாத அவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவதும் எழுதித் தருவதும் உண்டு. 1951-ல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. நான் அந்த மதகருகே நின்றபோது அதிகம் நினைத்துக்கொண்டது அவரைத்தான்.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, சரக்குகள் லாரிக்குப் போய்விட்டன. தேசியமயமான படகுப் போக்குவரத்தில் பெரும்பகுதியை 1963-ல் நிறுத்திவிட்டார்கள். அருங்காட்சியகம் திறந்ததும் அதே 1963-ல். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆல்பம் முழுக்கக் கல் வீடுகளும் மரங்களும் இருக்கும்போது நீங்கள் எனக்கு எழுதியது அந்த ஒரு பெண்ணைப் பற்றி. ஊர் வழியாகப் போகிறவள், ஊர்க்காரி இல்லை. பதினொரு வருடமாக வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அவள் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பாட்டி கிளம்பும் முன்பு ஒன்று செய்யுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படகின் பக்கவாட்டைப் படியுங்கள். படகின் பெயர், முதலாளி பெயர், பதிவு எண் எல்லாம் அங்கே எழுதியிருப்பார்கள். குடும்பம் தங்கும் படகைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1877-ல் சட்டமே வந்தது. ‘கிராண்ட் யூனியன்’ என்று எழுதியிருந்தால் படம் 1929-க்குப் பிந்தியது. அந்தக் கறுப்புத் தொப்பியை வைத்தும் கொஞ்சம் சொல்லலாம்: 1901-ல் விக்டோரியா ராணி இறந்த துக்கத்தில்தான் படகுப் பெண்கள் கறுப்புக்கு மாறினார்கள் என்பார்கள்.

பிறகு ஒரு மென்மையான பென்சிலோடு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். சுக்கான் பிடித்த அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் கேளுங்கள். மேரி வார்டின் வாசலில் பாட்டி அவரைப் பார்த்திருக்கவும் கூடும். பெயர் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்