வீட்டுக் கண்காணிப்புக் கருவியைச் செவிலியர்கள் பயன்படுத்தாமல் ஒதுக்குகிறார்கள் என்றால்

முதியோர் வீடுகளில் ரத்த அழுத்தம், ஆக்சிஜன், எடை பார்க்கும் கருவிகளை வைத்தும் உங்கள் செவிலியர்கள் திரையைத் திறப்பதே இல்லை, மறுபடி பயிற்சி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியால் மட்டும் இது தீராது. புதிய கருவியை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்க ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் எழுதிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, பயன்படுத்துவது எளிதா என்பதோடு என் வேலைக்கு உதவுமா என்றும் கேட்கிறது. உங்கள் குழு இந்த இரண்டாவதில்தான் நிற்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் கருவி எழுப்பும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிஜன் அளவு தவறலாம். கைப்பட்டை சிறியதாக இருந்தால் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வீணாக நாலு தடவை அலறிய கருவியை ஐந்தாவது தடவை யார் நம்புவார்? எச்சரிக்கை எழும் வரம்பு எல்லோருக்கும் ஒன்றாகவும் வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு ஆக்சிஜன் 90 சதவீதமே வழக்கமான அளவு. மருத்துவர் ஆளுக்கேற்ப வரம்பு வைக்கும்போது செவிலியரையும் கூட உட்கார வையுங்கள்.

பயனும் கண்ணில் பட வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடலில் நீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும் முன்பே இது பிடிபடலாம்.

அப்புறம், ஒரே அளவை நோட்டிலும் கணினியிலும் எழுதச் சொல்கிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். இரவில் வரும் எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.