டம்ளரில் ஒயரை விட்டால் தண்ணீர் ஏன் பழுப்பாகிறது?

மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு மாதத்தில் கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது, குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் படிகிறது, முடி கொட்டுகிறது. வாசலுக்கு வந்த ஒரு பையன் டம்ளரில் ஒயரை விட்டதும் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டதாம். இதைக் குடித்தால் பிள்ளைகளுக்குக் கிட்னியில் கல் வரும், வீடு முழுக்க மெஷின் போட 85,000 ரூபாய் என்கிறானாம். போடலாமா என்று கேட்கிறார்.

போடாதீர்கள். அவனிடம் நிச்சயமாகப் போடாதீர்கள்.

அந்த டம்ளர் வித்தையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகக் கலங்கும். நீங்கள் பார்த்த பழுப்பு அவன் கம்பியின் துரு. பக்கத்து டம்ளரில் அவன் வைத்துக் காட்டும் ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை வந்தால் அவன் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஒயரை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும், பையன் பையைக் கட்டிவிடுவான். அவனைத் திட்டியும் பிரயோஜனமில்லை, கமிஷனுக்கு ஓடுகிறவன்.

அப்புறம் தண்ணீரில் விட்டு எண் காட்டும் அந்தப் பேனா மீட்டர். டிடிஎஸ் 1,100 காட்டியது என்கிறீர்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிற கணக்கு. கீசரைக் கெடுப்பதும் சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதும் அதில் கால்சியம், மக்னீசியம் இரண்டும்தான். அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம், அது எவ்வளவு என்று பேனா சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து கிட் இருக்கிறது: சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து அதில் வருகிற பொடியைப் போட்டால் திராட்சைச் சாறு நிறம் வரும், பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாக மாறுகிற வரை எண்ண வேண்டும். இல்லையென்றால் இரண்டு லிட்டர் கேனில் பிடித்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ கிண்டி கிங் நிலையத்திலோ கொடுங்கள். பில்டர் கொடுத்த பழைய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். கோடையில் போர் தண்ணீர் வேறு, லாரித் தண்ணீர் வேறு, ஒவ்வொரு லோடும் வேறு.

இந்தியத் தரக் குறியீட்டில் குடிநீருக்குக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். கடினத் தண்ணீரால்தான் கல் வருகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, தண்ணீரே குறைவாகக் குடித்தால் வரும். முடி சொரசொரப்பாகும், சிக்காகும். வேரோடு கொட்டினால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, மெஷின் வாங்கும் முன் கீழே இறங்கி மோட்டார் ரூமைப் பாருங்கள். உங்கள் அப்பார்ட்மெண்டிலேயே ஒரு சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை எடுக்கும் மெஷின், உயரமாக நின்றுகொண்டிருக்கும், பக்கத்தில் உப்புத் தொட்டி காய்ந்து கிடக்கும், தண்ணீர் மெஷினுக்குள் போகாமல் நேராகப் போகும்படி பைபாஸ் வால்வு திறந்திருக்கும். பத்துக்கு ஏழு இடத்தில் நான் பார்ப்பது இதுதான். மெஷினுக்குள் இருக்கும் ரெசின் மணிகள்தான் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கின்றன, ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். நிறைந்துவிட்டால் உப்புத் தண்ணீரில் கழுவினால்தான் மறுபடி பிடிக்கும். 200 லிட்டர் ரெசின், தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினம் என்றால், ஒருமுறை கழுவினால் 16,000 லிட்டர் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். நாற்பது வீடு அதை ஒரே நாளில் தீர்த்துவிடும். ஆனால் வாட்ச்மேன் மாதம் ஒருமுறை உப்பு போடுகிறார், அசோசியேஷன் அதற்கும் பில் கட்டுகிறது! மெட்ரோ வாட்டர் லைன் வரும் வரும் என்று சொல்லியே ஒரு தலைமுறை போய்விட்ட ஊரில், இருக்கிற மெஷினுக்காவது உப்பு போடலாம். இன்னொன்று, சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்தாலும் டிடிஎஸ் குறையாது. பேனாவை விட்டு 'பாருங்க, உங்க மெஷின் டம்மி' என்று சொல்லி அடுத்தவன் வருவான்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை இரண்டு முறை படியுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. 600 கடினத் தண்ணீரை முழுக்க மாற்றினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் சேரும், இரண்டு லிட்டர் குடித்தால் 550. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பிரஷர், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ள பெரியவர் யாராவது இருக்கிறார்களா? அவர் ஊறுகாயை விட்டுவிட்டு இந்தத் தண்ணீரைக் குடிப்பதில் அர்த்தமில்லை. சமையலறையில் ஆர்ஓ இருந்தால் சோடியத்தில் பெரும்பகுதியை அது எடுத்துவிடும், கவலையில்லை. இல்லையென்றால் குடிக்கிற லைனை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

கீசருக்கு: தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வையுங்கள், சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு அதிகம் படியும். வருடம் ஒருமுறை திறந்து படிவை எடுக்கச் சொல்லி, உள்ளே இருக்கிற மக்னீசியக் கம்பி பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் மாற்றுங்கள். ஷவர் முகத்தைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் இரவு ஊறப் போடுங்கள், ஆசிட் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.