முதலிடத்துப் பாட்டுகளும் என் கடை நோட்டும்

சென்ற இதழில் அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேர்விட்ட கன்ட்ரி பாடல்களைப் பற்றி எழுதியிருந்தேன். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்தே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

*கேள்வி: ஒவ்வொரு வருடமும் முதலிடம் பிடித்த கன்ட்ரி பாட்டுகளின் பட்டியலைப் பார்த்தேன். 1980-களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு பாட்டு மாறுகிறது. 2018-இல் ஒரே பாட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் நல்ல பாட்டுகள் அதிகமா?*
*ஓசூர் வாசகர்*

எண்ணுகிற முறை மாறியதுதான் காரணம். இதை நான் உறுதியாகச் சொல்ல என் கடை நோட்டும் ஒரு காரணம்.

1984 முதல் 1998 வரை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொண்டுவருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு பிடிக்கும். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். சனிக்கிழமை இரவு எண்ணிப் பார்த்து, அந்த வாரம் முதலில் வந்த பாட்டை வாசலில் இருந்த சிலேட்டில் எழுதி வைப்பேன். சிலேட்டைப் பார்ப்பதற்காகவே பெங்களூர் பேருந்து ஓட்டுநர்கள் இறங்கி வருவார்கள்.

வாராவாரம் பாட்டு வரிசை வெளியிடும் அமெரிக்கப் பத்திரிகை பில்போர்டு செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். 1980-களில் வானொலி நிலையங்கள் தாங்களே எழுதிக் கொடுத்த பட்டியலைப் பெரிதும் நம்பியே கன்ட்ரி வரிசை போட்டார்கள். ஒரு பாட்டு உச்சிக்கு வந்ததும் அடுத்த வாரமே வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிடும். 1990 ஜனவரியிலிருந்து எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலிபரப்பாகிறது என்பதைக் கருவி வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். உடனே பாட்டுகள் பல வாரம் நிலைத்து நின்றன.

அப்புறம் 2012 அக்டோபரில் பெரிய மாற்றம் வந்தது. இணையத்தில் கேட்பது, விலைக்கு வாங்கி இறக்குவது, கன்ட்ரி அல்லாத நிலையங்களில் ஒலிப்பது எல்லாமே கணக்கில் சேர்ந்தன. நீங்கள் சொன்ன பாட்டு பீபி ரெக்ஸாவும் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் இணையும் பாடிய 'மென்ட் டு பீ'. ஐம்பது வாரம் முதலிடம். பாப் நிலையங்களிலும் அது ஓடியதே அதற்குப் பெரிய பலம். இதற்கு முன் 1963, 64-இல் பக் ஓவன்ஸ் என்ற பாடகரின் ஒரு பாட்டு பதினாறு வாரம் நின்றதைத்தான் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பெரிய சாதனையாகப் பேசினார்கள். அவர் காலத்துப் பதினாறும் இந்தக் காலத்து ஐம்பதும் ஒரே படியால் அளந்தவை ஆகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரியது சிறியது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*கேள்வி: 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது?*
*காவேரிப்பட்டணம் வாசகர்*

ஒரு வாரம்கூட இல்லை. 1971-இல் கன்ட்ரி வரிசையில் அது தொட்ட உயரம் ஐம்பதாவது இடம். எல்லாவகைப் பாட்டும் சேர்ந்த பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம். அதைப் பாடிய ஜான் டென்வர் கன்ட்ரி வரிசையின் உச்சியைத் தொட்டது 1974-இல், வேறு பாட்டோடு.

*கேள்வி: கன்ட்ரி என்றால் நம் நாட்டுப்புறப் பாட்டு மாதிரிதானா?*
*பாலக்கோடு வாசகர்*

வேர் அப்படித்தான். 1944 ஜனவரியில் பில்போர்டு முதன்முதலாக இந்த வரிசையை வெளியிட்டபோது அதன் தலைப்பிலேயே நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் இருந்தது. காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளில் எது அதிகம் ஓடியது என்பதே அன்றைய கணக்கு. ஆனால் நம் ஊர்த் தெருக்கூத்துப் பாட்டு விடியவிடியத் திடலில் நடப்பது, இசைத்தட்டையும் விற்பனையையும் நம்பி வளர்ந்தது அல்ல. கன்ட்ரியோ 1920-களிலிருந்தே இசைத்தட்டையும் வானொலியையும் நம்பி வளர்ந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்ட்ரியின் அடையாளமாகச் சொல்லும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியாக வந்தது.

*கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். ஜிம் ரீவ்ஸ் என்றால் அவருக்கு உயிர். அவர் முதலிடம் வந்த பாடகரா?*
*வேப்பனப்பள்ளி வாசகி*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் கண்முன் வந்துவிட்டார். அவரும் தங்கவயலில் ஓய்வுபெற்றவர், கிருஷ்ணகிரியில் மகள் வீட்டில் இருந்தார். 1986 வாக்கில் ஒருநாள் ஒரு இசைத்தட்டைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுவந்தார். "தம்பி, இதைக் கேசட்டில் ஏத்திக் குடு. கீறல் விழக் கூடாது" என்றார். பதிவு முடியும்வரை ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்ட்ரியை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஒருவர் மைக்குக்கு மிக அருகில் வந்து, தாழ்ந்த குரலில், நம்மிடம் மட்டும் பேசுவதுபோல் பாடினார்.

ஆமாம், ஜிம் ரீவ்ஸ் முதலிடம் வந்தவர்தான். காதலியிடம் தொலைபேசியில் பேசுவதாக அமைந்த 'ஹீ'ல் ஹேவ் டு கோ' 1960-இல் பதினான்கு வாரம் உச்சியில் இருந்தது. 1964 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்கு அருகே மழையில் அவர் ஓட்டிவந்த சிறு விமானம் விழுந்து இறந்தார். அவருடைய மனைவி மேரி, பதிவாகியிருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக வெளிவரச் செய்தார். 1964 முதல் 1967 வரை அவர் இல்லாமலே அவர் குரல் திரும்பத் திரும்ப முதலிடம் வந்தது. தாத்தாவின் தட்டுகள் வீட்டில் இருந்தால் நிறுத்தியே வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும்.

*கேள்வி: இந்தப் பட்டியல்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? எந்த வருடத்திலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?*
*கல்லூரி மாணவி, தருமபுரி*

1952-இல் கிட்டி வெல்ஸ் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் ஆனார். கறுப்பினப் பெண் ஒருவர் கன்ட்ரி வரிசையின் உச்சிக்கு வர 2024 பிப்ரவரிவரை ஆயிற்று. பியான்சேயின் 'டெக்சாஸ் ஹோல்ட் எம்' அது. அதற்கு முந்தைய ஆண்டு, கறுப்பினப் பாடகி ட்ரேசி சாப்மன் 1988-இல் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாட்டை லூக் கோம்ஸ் மறுபடி பாடினார். அது கன்ட்ரி வானொலி வரிசையில் முதலிடம் வந்தது. எழுதியவருக்கு அந்த இடம் கிடைக்க முப்பத்தைந்து வருடமும் இன்னொருவர் குரலும் தேவைப்பட்டன. இது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஏன் என்று கேட்டீர்கள். என் நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் கடைக்கு நேரில் வந்து பாட்டு கேட்ட பெண்கள் மிகச் சிலரே. மாங்காய் மண்டி, பேருந்து, லாரி என்று வெளியே புழங்கிய ஆண்களின் விருப்பம்தான் கோடுகளாக விழுந்திருக்கிறது. சில தாள்களில் மட்டும் கடைசி வரி வேறு கையெழுத்தில் இருக்கும், "அம்மாவுக்கு ஒன்று" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பாட்டு இருந்திருக்கும் என்று அப்போது நான் கேட்கவே இல்லை. வானொலி நிலையத்தில் தட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்காமல் விட்டதும் அந்த மாதிரிதான்.

1974-இலிருந்து ஆரம்பியுங்கள். பாடகி டாலி பார்ட்டன் அந்த ஒரே வருடத்தில் தனியாகப் பாடி மூன்று முறை முதலிடம் வந்தார். பிப்ரவரியில் 'ஜோலீன்', ஜூனில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. இரண்டாவது பாட்டை 1982-இல் மறுபடி பாடி அதே இடத்தை மீண்டும் பிடித்தார். முதலிடப் பட்டியலை ஜனவரியிலிருந்து வார வரிசைப்படி கேளுங்கள், தாண்டித் தாண்டிப் போகாதீர்கள். 'ஜோலீன்' வரும் வாரத்துக்கு முன்னும் பின்னும் என்ன ஒலித்தது, உங்களுக்கு எது பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.