ஐந்து மாத முயல் ஏன் கையைக் கடிக்கிறது?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறோம். இரண்டு மாதக் குட்டிகளாக இரண்டு முயல் வாங்கினோம். இரண்டும் பெட்டை என்றுதான் கடையில் சொன்னார்கள். இப்போது ஐந்து மாதம். மடியில் படுத்துத் தூங்கிய பழுப்பு முயல் சில நாளாக உறுமுகிறது. கூண்டுக்குள் தட்டு வைக்கப் போனால் முன்கால்களால் அடித்துக் கடிக்கிறது. கூட இருப்பதையும் விரட்டுகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வயதைச் சொன்னீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலும், நடுத்தர இனங்கள் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளும் பருவத்துக்கு வந்துவிடும். வெள்ளை ஜெயன்ட் போன்ற பெரிய இனங்களுக்கு இன்னும் சில மாதம் ஆகும். வீட்டு முயல் ஐரோப்பிய வளைமுயலின் வழி வந்தது. (நம் வயல்வரப்பில் ஓடும் முயல் வேறு இனம், அது வளை தோண்டாது.) அந்த இனத்தில் வளையைத் தோண்டுவதும் காப்பதும் பெரும்பாலும் பெட்டைகளே. உங்கள் முயலுக்குக் கூண்டுதான் வளை, உங்கள் கை அத்துமீறி நுழையும் ஆள். வெளியே விட்டால் சாதுவாக இருந்து, கூண்டுக்குள் மட்டும் கடித்தால் இதுதான் காரணம்.

ஆனால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டும் பெட்டைதானா என்று பாருங்கள். இரண்டு மாதக் குட்டியில் ஆண் பெண் மாறிப்போவது சகஜம். துண்டில் சுற்றி ஒருவர் மடியில் மல்லாக்கப் பிடித்துப் பின்பாகத்தைத் தாங்க, இன்னொருவர் பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் லேசாக அழுத்த வேண்டும். வட்ட முனையோடு குழல்போல் நீண்டு வந்தால் ஆண். நீளவாட்டில் பிளவு தெரிந்தால் பெண். இந்த வயதில் ஆணுக்கு விதைகள் இரண்டு பக்கமும் முடியில்லாத பைகளாகத் தெரியும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் விதை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

ஒன்று ஆணாக இருந்தால் அந்த நிமிடமே பிரியுங்கள். பழுப்பு முயல் சினையாக இருக்கலாம். சினைப்பெட்டைக்கு இந்தக் கோபம் வழக்கம். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். எப்போது இணைந்தது என்று தெரியாது என்பதால் இப்போதே ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள பெட்டியில் காய்ந்த புல் பரப்பி வையுங்கள். இரண்டும் பெட்டையாக இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாலேயே பொய்ச்சினை வரும். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலையும், நெஞ்சு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். பதினாறு, பதினெட்டு நாளில் அடங்கிவிடும். அதுவரை கூட்டைக் கலைக்காதீர்கள். இரண்டும் ஆணாக இருந்தால் சண்டையில் ஒன்றின் விதைப்பையை மற்றது கிழித்துவிடும். எப்படியானாலும் தனித்தனிக் கூண்டுதான். கம்பிவலை வழியே மூக்கைக் கடிக்காதபடி நடுவில் நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள்.

அடுத்து, வலி இருக்கிறதா என்று பாருங்கள். பருவக் கோபமுள்ள முயல் நன்றாகத் தின்னும், புழுக்கையும் ஒழுங்காகப் போடும். தீனியை ஒதுக்கி, முதுகைக் கூனி உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்தால் அது நோய். முன்பற்கள் கோணலாக வளர்ந்திருக்கிறதா, காதுக்குள் பொருக்குத் தட்டியிருக்கிறதா, பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையில் விற்கும் கம்பித்தளக் கூண்டில் கால்புண் எளிதாக வரும். பாதித் தளத்துக்குப் பலகையோ சாக்கோ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கு நமுத்துப்போகும். தினமும் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டு வைத்தியத்தில் இரண்டு விஷயங்கள் முயலைக் கொன்றுவிடும்: நாய்க்கு உண்ணி போக ஊற்றும் ஃபிப்ரோனில் மருந்து, வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின்.

இனிக் கையாளும் விதம். முயலுக்கு மூக்குக்கு நேர் முன்னால் கண் தெரியாது. அங்கே கையை நீட்டினால் திடுக்கிட்டுத்தான் கடிக்கும். பக்கவாட்டில் காட்டி, மேலாகக் கொண்டுபோய் நெற்றியைத் தடவுங்கள். கூண்டுக்குள் கைவிட்டு இழுக்காமல் கதவைத் திறந்து வையுங்கள், தானே வரட்டும். அது வெளியே உலாவும்போது கூண்டைக் கழுவித் தட்டையும் வைத்துவிடுங்கள். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பு முறிந்துவிடும். மூக்கில் தட்டிக் கண்டித்தால் கை என்றாலே அடி என்றுதான் கற்றுக்கொள்ளும். தினமும் மூன்று மணி நேரமாவது வெளியே விடுங்கள், நாய், பூனை, கீரி வராத இடமாகப் பார்த்து. அருகம்புல்லும் கோ-4 தீவனப் புல்லும் எந்நேரமும் இருக்கட்டும். பூச்சிமருந்து அடித்த வரப்பில் அறுக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் எந்த முயலும் சிடுசிடுக்கத்தான் செய்யும்.

நிரந்தரத் தீர்வு கருத்தடை. ஆணுக்கு நான்கு, ஐந்து மாதத்திலும் பெட்டைக்கு ஆறு மாத வாக்கிலும் செய்யலாம். பெட்டைக்கு வயதானபின் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்கு இது இன்னும் அவசியம். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவராக இருக்க வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். நாய், பூனை மயக்கத்தில் வாந்தி எடுக்கலாம், முயல் எடுக்காது. ஆகவே அறுவைக்கு முன் இராப்பட்டினி போடச் சொல்லும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். கோபம் தணிய நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். காயடித்த ஆணிடமும் சில வாரம் விந்து தங்கியிருக்கும், ஆறு வாரம் பெட்டையோடு விடாதீர்கள்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, இரணஜன்னிக்கான டிடி ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முயலைத் தெருநாயோ கீரியோ கடித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கருத்தடை முடிந்து, கோபம் தணிந்தபின் இரண்டையும் திரும்பச் சேர்க்கும்போது ஒன்றின் கூண்டில் மற்றதை விடாதீர்கள். இரண்டும் இதுவரை போகாத மாடியறையோ திண்ணையோ பார்த்து, முதலில் பத்து நிமிடம் போதும். உருண்டு புரண்டு சண்டை வந்தால் நடுவே முறத்தை நுழையுங்கள், கையை அல்ல.